கறை காட்டாத கண்வலி



கண்வலி என்றவுடன் தமிழர் மனத்தில் தோன்றுவது மெட்ராஸ் ஐ என்னும் ஒட்டுநோயே. கண் சிவக்கும், பீளை கட்டும், வீட்டில் ஒருவர்க்கு வந்தால் மற்றவர்க்கும் தொற்றும், ஒன்றிரண்டு வாரத்தில் விட்டகலும். இன்றைய உரையின் பொருளாகிய வலி அதுவன்று. இதில் சிவப்பு இல்லை, பீளை இல்லை, தொற்றும் இல்லை. மருத்துவமனைப் பலகையின் கடைசி வரி எழுத்தையும் நோயாளி கண்ணாடியின்றி வாசித்துவிடுகிறார். ஆயினும் கண்ணுக்குள் மணல் உறுத்துகிறது. மிளகாய்த்தூள் பட்டாற்போல் எரிகிறது. மின்விசிறிக் காற்றும் முள்ளாய்க் குத்துகிறது. பார்வையைச் சீராக்க லேசர் அறுவை செய்துகொண்டவர்களுள் ஒரு சிறு பகுதியினர்க்கு, அறுவை முடிந்து பல மாதங்களும், சிலர்க்குப் பல ஆண்டுகளும் கழிந்த பின்னர்கூட நீடிக்கும் வலி இது.

சிறு பகுதியினர் என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர். அந்தப் பெரும்பான்மையே இச்சிறுபான்மையின் துயரைக் கேட்பாரற்றதாக ஆக்கிவிடுகிறது. "ஊரில் எத்தனையோ பேர் செய்துகொண்டார்கள், உனக்கு மட்டும் என்னப்பா?" என்ற கேள்வி வேறெங்கும் எழுவதற்கு முன் வீட்டிலேயே எழுகிறது.

புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள இத்திருமயத்திலிருந்து ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இவ்வறுவைக்குத் திருச்சிக்கோ மதுரைக்கோ செல்கிறார். படுக்கையில் சேர வேண்டியதில்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று மறுபரிசோதனைகள் நடைபெறும்; அவற்றோடு தொடர்பு பெரும்பாலும் அறுந்துவிடும். வலி நீடித்தால் அதைக் கூறுவதற்கு அருகில் ஆளில்லை. உள்ளூர் மருந்துக்கடையே மருத்துவமனையாகிறது.

அறுவைக்குச் செல்வோரின் காரணங்களையும் மறைக்க வேண்டியதில்லை. சிலர்க்குக் கண்ணாடி உண்மையிலேயே இடையூறு. சிலர்க்குச் சீருடைப் பணியின் கண்பார்வைத் தகுதி. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது: இரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் அறுவை செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்றே அறிவிப்புகள் கூறுகின்றன. வேலைக்கென்று அறுவை செய்துகொண்டு அவ்வேலையையே இழப்பவர் உண்டு. பெண்களைப் பொறுத்தவரை காரணம் பெரும்பாலும் திருமணம். பெண் பார்க்க வரும் நாளுக்குள் கண்ணாடி கழன்றுவிட வேண்டும் என்று அவசரப்படுத்தும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மூக்குக்கண்ணாடி ஒரு குறையெனக் கருதும் அந்த எண்ணத்தைத்தான் முதலில் அறுவை செய்ய வேண்டும். அதற்கு லேசர் தேவையில்லை.

இந்த லேசரின் பிறப்பில் ஒரு சென்னைப் பல்கலைக்கழக மாணவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பது பலரும் அறியாதது. இரங்கசாமி சீனிவாசன் அப்பல்கலைக்கழகத்தில் 1949இல் இளநிலையும் 1950இல் முதுநிலையும் பெற்று, அமெரிக்கா சென்று வேதியியலில் முனைவரானவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகத்தில் எக்சைமர் லேசர் என்னும் புறஊதா ஒளிக்கற்றையைக் கொண்டு பிளாஸ்டிக்கை நுட்பமாகச் செதுக்க இயலுமா என ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981 நவம்பர் 27 அன்று, முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சித் துண்டைக் கொணர்ந்து அதன்மீது அவ்வொளியைச் செலுத்தினார். கொல்லாமையைப் போற்றும் இவ்வவைக்கு இந்தப் பிறப்புக்கதை உவப்பாக இராது. ஆயினும் வரலாறு அதுவே. ஒளி பட்ட இடம் மட்டும் கத்தியால் சீவியதுபோல் நீங்கிற்று. பக்கத்துத் தசை கருகவில்லை. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோர் அவ்வாய்வில் அவருடன் இருந்தவர்கள். இரண்டாண்டுகளுக்குள் ஸ்டீபன் டிரோக்கல் என்னும் கண் மருத்துவர் சீனிவாசனுடன் கூடி, அதே ஒளியால் கருவிழியைச் செதுக்கலாம் என்று காட்டினார். 2013 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தைச் சீனிவாசனுக்கு வழங்கினார்.

கருகாமல் செதுக்கும் அந்த ஒளியின் அலைநீளம் 193 நானோமீட்டர். ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரானின் கால்பங்கு அளவே திசுவை நீக்குகிறது. இத்துணை நுட்பமான கருவியில் வலிக்கு இடமேது என்று தோன்றலாம். விடை லேசரில் இல்லை. அது தொடும் இடத்தில் இருக்கிறது.

கருவிழி என்பது கண்ணின் முன்புறத்துக் கண்ணாடி போன்ற படலம். அரை மில்லிமீட்டர் கனம். அதில் இரத்தக் குழாய் ஒன்றும் இல்லை. ஆனால் நரம்பு இழைகளோ, தோலில் உள்ளதைக் காட்டிலும் பல நூறு மடங்கு நெருக்கமாக அதில் பின்னிக் கிடக்கின்றன. ஒரு தூசி விழுந்தால் நொடியில் இமை மூடுவதும் கண்ணீர் பெருகுவதும் அவற்றால்தான். இந்நரம்புகள் கருவிழியின் விளிம்பிலிருந்து நுழைந்து நடுவை நோக்கிச் சென்று, பின் மேற்பரப்புக்கு ஏறுகின்றன. லேசிக் முறையில் சுமார் 100 முதல் 120 மைக்ரான் கனத்தில் ஒரு வட்ட மடலை அறுத்து, புத்தகத் தாளைப் போல் ஒருபுறம் மடக்கி, அடியில் லேசரால் செதுக்கி, மடலை மீண்டும் மூடுகின்றனர். மடல் ஒட்டியிருக்கும் சிறு கீல்பகுதி தவிர மற்ற எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் நரம்புகள் வெட்டுண்கின்றன. ஸ்மைல் என்னும் பிந்திய முறையில் மடல் இல்லை. சிறு துளை வழியே உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுக்கின்றனர். செருமனியில் தோன்றிய அம்முறையைத் தொடக்கத்திலேயே கையாண்டவர்களுள் வதோதராவின் ரூபல் ஷா ஒருவர். அதில் அறுபடும் நரம்பு குறைவு, அறுபடாமல் இருப்பதில்லை.

அறுந்த நரம்பு வளரும். ஆனால் மெல்ல வளரும். பழைய அடர்த்தியை அது ஏறத்தாழ எட்டுவதற்கு ஐந்தாண்டுகள் ஆயின என்று நுண்ணோக்கிவழி கண்களை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். அந்த இடைக்காலத்தில் உணர்ச்சி குன்றுவதால் இமைத்தல் குறைகிறது, கண்ணீர் குறைகிறது, கண் வறள்கிறது. பெரும்பாலோர்க்கு இவ்வறட்சி ஓராண்டுக்குள் தணிந்துவிடும். இது முதல் வகை.

இரண்டாம் வகையே கொடியது. சிலர்க்கு நரம்பு நேராக வளராமல் முடிச்சிட்டு நின்றுவிடுகிறது. அந்த முடிச்சு, தூசியோ காற்றோ படாதபோதும் தானே வலிச்செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நாளடைவில் அச்செய்தியைப் பெறும் மூளைப்பகுதியும் மிகைகூர்மை அடைந்து, வெளிச்சத்தையே வலியாகக் கொள்ளத் தொடங்குகிறது. இது விந்தையானதன்று. பாட்டிமார்க்கு அக்கி வந்து, கொப்புளம் ஆறி, தோல் தெளிந்த பின்னும் அவ்விடம் மாதக்கணக்கில் எரிவதைப் பல வீடுகள் கண்டிருக்கின்றன. காலை இழந்தவர்க்கு இல்லாத விரல் வலிப்பதும், சர்க்கரை நோயாளிக்குப் பாதம் எரிவதும் இவ்வகையே. நரம்பே நோயுற்றால், நோய்க்கு இடம் தேடித் தோலைப் பார்த்துப் பயனில்லை.

மருத்துவர் கண்ணில் ஒரு மஞ்சள் சாயத்தை இட்டு நீல ஒளியில் நோக்குவார். மேற்பரப்பில் புண்ணோ வறண்ட திட்டோ இருந்தால் அவ்விடம் பச்சைக் கறையாக ஒளிரும். இரண்டாம் வகை வலியில் அக்கறை பெரும்பாலும் தோன்றுவதில்லை. கறை இல்லை, ஆகவே புண் இல்லை, ஆகவே வலியும் இருக்க இயலாது என்ற முடிவுக்குப் பல நோயாளிகள் ஆளாகியிருக்கின்றனர். பாஸ்டன் நகரின் பெரி ரோசென்தால் போன்ற சில மருத்துவர்கள்தாம் இதைக் கருவிழி நரம்புவலி எனப் பெயரிட்டுத் தனிநோயாக எழுதினர். கான்ஃபோகல் என்னும் நுண்ணோக்கி இன்று அந்நரம்பு முடிச்சுகளை உயிருள்ள கண்ணிலேயே படம்பிடித்துக் காட்டுகிறது. அக்கருவி எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் எளிய சோதனை ஒன்று எங்கும் செய்யக்கூடியது: மரப்புச் சொட்டு மருந்து ஒரு துளி. வலி அடியோடு நின்றால் அதன் வேர் கண்ணின் பரப்பிலேயே உள்ளது. நில்லாமல் தொடர்ந்தால் நரம்பின் உட்பகுதியிலும் மூளையிலும் வேரோடிவிட்டது என்று பொருள். மருத்துவம் இதனால் மாறுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. அந்தத் துளியால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் நிம்மதியைக் கண்டு, அதே மருந்தை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள நினைப்பவர் உண்டு. கூடவே கூடாது. மரப்பு மருந்தைத் திரும்பத் திரும்ப இட்டால் கருவிழி கரைந்து, துளைபட்டு, பார்வையே போகலாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தன்விருப்பமாக மாதக்கணக்கில் இடுவோர்க்குக் கண் அழுத்தமும் புரையும் வரும். நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று அன்பினால் கூறப்படும் எவையும் அறுவை செய்த கண்ணில் படலாகாது. தொற்று புகுந்தால் மீட்பது அரிது.

திருமயத்தின் பழம்பெயர் திருமெய்யம். மெய் என்ற ஒரே சொல்லால் உடலையும் உண்மையையும் குறித்தது தமிழ். வலியைப் பொறுத்தவரை அவ்வழக்கு மிகப் பொருத்தமானது. உற்றவர் மெய்யில் இருப்பதை அறிய, உற்றவர் வாய்மொழியன்றி வேறு அளவுகோல் மருத்துவத்திலும் இல்லை. பூஜ்யம் முதல் பத்து வரை எவ்வளவு வலிக்கிறது என்று மருத்துவர் கேட்பதும் அதனால்தான்.

அமெரிக்காவில் இக்குரல் கேட்கப்படுவதற்கே காலமாயிற்று. 2008 ஏப்ரலில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் கூட்டிய அமர்வில் பாதிக்கப்பட்டோரும் குடும்பத்தாரும் நேரில் பேசினர். அதன்பின் அந்நிர்வாகம் பிற அரசு அமைப்புகளுடன் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்திற்று. 95 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் தம் பார்வையில் மனநிறைவு கொண்டிருந்தனர். அதே ஆய்வில், முன்பு கண்வறட்சி இல்லாதிருந்தோருள் 30 விழுக்காடு வரையிலானோர் மூன்றாம் மாதத்தில் வறட்சியைக் கூறினர். இரண்டு எண்களும் உண்மை. விளம்பரங்களில் முதலாவது மட்டுமே இடம்பெறுகிறது. லேசிக் கருவிகளை ஆராய்ந்து ஒப்புதலளித்த பிரிவின் தலைவராயிருந்த மோரிஸ் வாக்ஸ்லர், ஓய்வுபெற்ற பின் 2011இல் அவ்வொப்புதலையே திரும்பப் பெறுமாறு தம் பழைய அலுவலகத்துக்கு மனுச் செய்தார். அம்மனு ஏற்கப்படவில்லை, கண் மருத்துவர் பலர் அவர் கணக்கை மறுத்தனர். ஆயினும் 2022 ஜூலையில் அந்நிர்வாகம் வெளியிட்ட வரைவு வழிகாட்டி, நீடித்த வலி உள்ளிட்ட கேடுகளை அறுவைக்கு முன்பே நோயாளிக்கு எடுத்துரைக்க வேண்டும் என்றது.

டெட்ராய்ட் நகரில் தொலைக்காட்சியில் வானிலை கூறிவந்த ஜெசிக்கா ஸ்டார், 2018 அக்டோபரில் ஸ்மைல் அறுவை செய்துகொண்டார். கண் வறட்சியும் பார்வைத் தொல்லையும் குறித்துத் தம் நேயர்களுக்கு வெளிப்படையாக எழுதினார். பணிக்குத் திரும்ப முயன்றார், இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் 35ஆம் வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அறுவையே காரணம் என்று குடும்பத்தார் கூறுகின்றனர். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் கற்பித்தல் ஆகாது என்று மருத்துவர் கூறுகின்றனர். எவ்வாறாயினும், நீங்காத வலியும், அதை நம்பாத சுற்றமும், நானே தேடிக்கொண்டேனே என்ற தன்னிரக்கமும் ஒருங்கு சேரும்போது மனம் ஒடியும் என்பதில் ஐயமில்லை. விருப்பப்பட்டுச் செய்துகொண்ட அறுவை என்பதால் இந்நோயாளிகள் வாய்விட்டு அழவும் தயங்குகின்றனர். வாழப் பிடிக்கவில்லை என்ற சொல் ஒருவர் வாயிலிருந்து வந்தால் அதைப் பேச்சுக்குச் சொன்னதாகத் தள்ளிவிடாமல் உடனிருத்தல் வேண்டும். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

மருத்துவம் உண்டு, ஆனால் அது ஒரே மருந்தாக இராது. பதப்படுத்தும் மருந்து கலவாத செயற்கைக் கண்ணீர் முதற்படி. அடுத்து, நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரால் செய்யும் சொட்டு மருந்து. இதில் நரம்பு வளர்ச்சிக்கு உதவும் பொருள்கள் உள்ளன. குளிர்பெட்டியில் வைத்துப் பயன்படுத்த வேண்டும். கருவிழியைத் தொடாமல் அதன்மேல் நீர்த்தேக்கம் போல் கவியும் ஸ்கிளரல் லென்ஸ் சிலர்க்கு நல்ல பயன் தருகிறது. உள்வேர் கொண்ட வலிக்கு காபாபென்டின், பிரிகாபலின், நார்டிரிப்டிலின் போன்ற மாத்திரைகள். இவற்றுள் கடைசி மாத்திரையின் பெயரைக் கண்டதும் "இது மனநோய்க்குக் கொடுப்பதாயிற்றே" என்று மருந்துக்கடையில் யாரேனும் கூற, குடும்பம் அஞ்சி அதை நிறுத்திவிடுகிறது. மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துதான். நரம்புவலிக்கு அதையே குறைந்த அளவில் தருகின்றனர். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தூக்கக் கலக்கம் வரலாம்.

சமணக் குடும்பங்களுக்கென்று இங்கே சிறப்பாகச் சொல்ல வேண்டியவை உள. கதிரவன் மறைந்தபின் உண்ணாத நோன்புடையோர், படுக்கும் முன் விழுங்க வேண்டிய மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். மருத்துவரிடம் நோன்பைக் கூறினால், பொழுது சாயுமுன் உட்கொள்ளுமாறு அவர் நேரத்தை மாற்றித் தரக்கூடும். தசலட்சண நாள்களில் பல நாள் உபவாசம் இருப்போர், காபாபென்டின் வகை மருந்துகளைத் திடீரென நிறுத்துவது தீங்கானது. முன்கூட்டியே கலந்து முடிவுசெய்தல் வேண்டும். உறை மாத்திரைகளின் கூடு பெரும்பாலும் விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. உறையில்லா வடிவமும், தாவர நாரால் ஆன கூடும் சில மருந்துகளில் கிடைக்கின்றன. கேட்டால் எழுதித் தருவர். கண்வறட்சிக்கு மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுமாறு பலர் அறிவுறுத்துவர்; மறுக்கும் சமணர், குணத்தையே இழந்துவிட்டோமோ என வருந்துவர். அவ்வருத்தம் வேண்டா. ஓராண்டுக் காலம் நடந்து 2018இல் வெளியான அமெரிக்கப் பேராய்வில், கண்வறட்சிக்கு மீன் எண்ணெய் உண்டவர்க்கும், ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெய் உண்டவர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இனி அறுவை செய்துகொள்ள எண்ணியிருப்போர்க்கு. ஏற்கெனவே கண்வறட்சி உடையவர், ஒற்றைத் தலைவலி முதலிய நீடித்த வலிகள் உடையவர், மூட்டுவாதம் போன்று உடலே உடலைத் தாக்கும் நோயுடையவர், மனச்சோர்வுக்கு மருந்துண்பவர் ஆகியோர்க்கு வலி நீடிக்கும் வாய்ப்பு மிகுதி. பவர் நிலைபெறாத இளவயதினரும், கருவுற்றோரும், பாலூட்டுவோரும் காத்திருக்க வேண்டும். தாளைக் கண்ணோரத்தில் வைத்து ஐந்து நிமிடத்தில் ஊறும் கண்ணீரை அளக்கும் சோதனை நடந்ததா, கருவிழியின் கனமும் வடிவமும் வரைபடமாக எடுக்கப்பட்டனவா என்று கேட்பது நோயாளியின் உரிமை. வலி நீடித்தால் யாரிடம் வர வேண்டும் என்பதையும் அன்றே கேட்டு வைப்பது நன்று. கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் கண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை. அறுவைக்குப் பின் வலி உடையவர்க்கு, எஞ்சிய சிறு பவரை நீக்கவென்று இரண்டாம் முறை லேசர் செய்ய முன்வந்தால், நரம்புவலி அறிந்த வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் இசையலாகாது.

அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரும் தம் மருத்துவமனையிலிருந்து சில விவரங்களை எழுத்தில் பெற்று வைத்திருத்தல் வேண்டும்: அறுவைக்கு முன்னிருந்த பவர், கருவிழியின் வளைவும் கனமும், மடலின் கனம், நீக்கிய அளவு, நாள். வலிக்கென வேறு மருத்துவரிடம் செல்லும் நாளில் அவர் முதலில் கேட்பது அத்தாளையே. வலியே இல்லாதவர்க்கும் அது தேவை. அறுபது வயதில் புரை அறுவைக்குச் செல்லும்போது உள்ளே பொருத்தும் லென்ஸின் பவரைக் கணக்கிட வழக்கமான கணக்கு லேசர் செய்த கண்ணில் பிழைபடும். அந்தப் பழைய எண்கள் அப்போது பயன்படும். முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடும்போது மருத்துவமனை அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகையால் அத்தாளின் ஒரு படி வீட்டுப் பத்திரங்களோடு பெட்டியில் இருக்கட்டும்.